வெள்ளைச் சுவரும் கறுப்புத் துணியும்: கேலரியில் இரண்டு நாள் சோவியத் சினிமா

ஓவியக் கேலரியில் படம் போடப்போனால் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது அதன் சுவரோடுதான். ஓவியம் எடுப்பாகத் தெரியட்டும் என்று நான்கு பக்கமும் வெள்ளை அடித்து வைத்திருப்பார்கள். திரையில் விழுந்த வெளிச்சம் அந்தச் சுவர்களில் மோதி, மறுபடி திரைக்கே வந்து சேரும். கறுப்பு சாம்பலாக வெளுக்கும். பாட்டும் சண்டையுமாக ஓடும் வண்ணப் படத்தில் இது பெரிதாகத் தெரியாது. சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் இருட்டு அறை இதைத் தாங்காது. புரொஜெக்டர் வாடகைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கறுப்புத் துணிக்கு ஒதுக்குவது இந்த வேலையில் பாதி.

சுமார் 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம், 40 நாற்காலி என்று ஓர் அறையை மனதில் வைத்துக்கொள்வோம். பேட்டைக்குள் இருக்கும் சிறு கேலரிகள் பெரும்பாலும் இந்த அளவுதான்.

ஐந்து படம் போதும்

ஆர்வக் கோளாறில் இரண்டு நாளுக்கு எட்டு, ஒன்பது படம் என்று பட்டியல் போடத் தோன்றும். ஞாயிறு மதியத்துக்குள் பார்வையாளர் பாதி ஆகிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் நெளிவார்கள். ஐந்து படம், ஒரு குறும்படம். அதற்கு மேல் வேண்டாம்.

எந்தப் படம் எந்த நேரத்தில் என்பதை வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஜன்னலை எவ்வளவு அடைத்தாலும் பகலில் எங்கிருந்தாவது ஒளி கசியும். அதனால் பிரகாசமான படங்கள் பகலுக்கு, இருட்டான படங்கள் பொழுது சாய்ந்த பிறகு. இந்தக் கணக்கில் ஒரு வரிசை:

சனி மாலை 4 மணிக்கு சீகா வெர்த்தோவின் 'மூவி கேமராவுடன் ஒரு மனிதன்' (1929, 68 நிமிடம்). பெரும்பாலும் வெயிலில் எடுத்த தெருக்கள், பேச்சில்லை, இடையில் எழுத்து அட்டைகளும் இல்லை. சப்டைட்டில் சிக்கல் எதுவும் இல்லாமல் கருவிகளைச் சோதித்துப் பார்க்கவும் இதைவிட நல்ல முதல் படம் கிடையாது. தொடக்கத்தில் மட்டும், இது அட்டைகளும் கதையும் நடிகர்களும் இல்லாத சோதனை என்று சொல்லும் எழுத்துகள் வரும். அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி முன்னாலேயே காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

சனி 6.30க்கு மிகைல் கலத்தோசோவின் 'கொக்குகள் பறக்கின்றன' (1957). ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். 1958இல் கான் விழாவின் தங்கப் பனை விருது பெற்றது. சோவியத் படம் என்றால் பிரசாரம் என்று நினைத்து வருபவர்களை உட்கார வைத்துவிடும் படம். (நாரையா கொக்கா என்று ஒரு விவாதம் கட்டாயம் எழும். எதை வைத்தாலும் அழைப்பிதழிலும் சப்டைட்டிலிலும் ஒன்றாக இருக்கட்டும்.)

ஞாயிறு காலை 10.30க்கு யூரி நோர்ஷ்டெய்னின் 10 நிமிட 'மூடுபனியில் முள்ளெலி' (1975), அதோடு விளாதிமிர் மோத்திலின் 'பாலைவனத்தின் வெள்ளைச் சூரியன்' (1970). குழந்தைகளோடு வருபவர்களுக்கான காலை இது. இரண்டாவது படம் சிரிப்பும் துப்பாக்கியுமான சாகசக் கதை. ரஷ்ய விண்வெளி வீரர்கள் ஏவுதலுக்கு முன் இதைப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். மத்திய ஆசியப் பெண்களை இது காட்டும் விதத்தில் மாஸ்கோவின் பார்வை அப்பட்டமாகத் தெரியும். அதைப் படம் முடிந்த பின் பேசலாம்.

பிற்பகல் 2.30க்கு லரிசா ஷெபித்கோவின் 'ஏற்றம்' (1977). அந்த ஆண்டு பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய படம். ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பெலாரஸ், கடும் பனிக்காலம். வெளிக்காட்சிகள் முழுக்க வெண்பனி என்பதால் பகலின் ஒளிக்கசிவை நன்றாகவே தாங்கும்.

கடைசியாக ஞாயிறு 5.45க்கு ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டால்கர்' (1979). இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு மேல். படம் சூடு பிடிப்பதற்குள் வெளியே இருட்டிவிடும்.

எலெம் கிளிமோவின் 'வந்து பார்' (1985) எங்கே என்று கேட்பார்கள். கிளிமோவ், ஷெபித்கோவின் கணவர். இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல யோசனைதான், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். அந்தப் படத்துக்குப் பிறகு வேறெதையும் போட முடியாது. போடுவதென்றால் சனி இரவின் கடைசிப் படமாக, குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டு, முடிந்ததும் பேச விரும்புபவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிப் போடுங்கள்.

'ரஷ்யப் படவிழா' என்று எழுதும் முன்

மேலே சொன்ன பட்டியலில் ரஷ்யா மட்டும் என்று சொல்லத்தக்கது எவ்வளவு என்று பாருங்கள். வெர்த்தோவின் படத்தைத் தயாரித்தது உக்ரைனின் வுஃப்கு நிறுவனம். எடுத்த இடங்கள் கீவ், கார்கிவ், ஒடெஸா, மாஸ்கோ. கலத்தோசோவ் திபிலீசியில் பிறந்த ஜார்ஜியர், இயற்பெயர் கலத்தோசிஷ்விலி. ஷெபித்கோ பிறந்தது இன்று பாக்முத் என்று செய்திகளில் அடிபட்ட உக்ரைன் ஊரில். அவர் படத்தின் மூலக்கதை பெலாரஸ் எழுத்தாளர் வசில் பிக்கவுடையது. 'ஸ்டால்கர்' படத்தின் பாழிடங்களில் பெரும்பகுதி எஸ்தோனியாவின் தாலின் நகரைச் சுற்றி எடுக்கப்பட்டது.

எல்லாப் படங்களின் மேலும் 'ரஷ்யா' என்று ஒரே முத்திரை குத்தினால், விவரம் தெரிந்த ஒருவர் முதல் கேள்வியிலேயே பிடித்துக்கொள்வார்; அவர் பிடிப்பதில் நியாயமும் இருக்கும். 1991க்கு முந்தையவற்றுக்கு 'சோவியத்' என்ற சொல் பொருந்தும். கூடவே ஒவ்வொரு படத்துக்கும் எந்தக் குடியரசு, எந்த ஸ்டுடியோ, எந்த மொழி, எத்தனை நிமிடம் என்று ஒரு வரி அச்சிட வேண்டும். 1991க்குப் பிந்தைய ரஷ்யப் படம் ஒன்று வேண்டுமென்றால் அலெக்சாந்தர் சொக்கூரவின் 'ரஷ்யன் ஆர்க்' (2002) ஒரு கேலரிக்கென்றே செய்தது போல இருக்கும். ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குள் 2001 டிசம்பர் 23 அன்று வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. அதைச் சேர்த்தால் இன்னொன்றை எடுத்துவிட வேண்டும்.

நம்மூரில் இந்தப் படங்களுக்கு ஒரு தனிக் கூட்டம் உண்டு. ராதுகா, முன்னேற்றப் பதிப்பகங்களின் தமிழ்ப் புத்தகங்களை மலிவு விலையில் வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள். ரஷ்யப் பெயர்களை நம்மைவிட நன்றாக உச்சரிப்பார்கள். அழைப்பிதழ் அவர்கள் கைக்கும் போய்ச் சேர வேண்டும். வாட்ஸாப்பில் மட்டும் போட்டால் போய்ச் சேராது. நூலகத்திலும் புத்தகக் கடையிலும் காகிதமாக ஒட்ட வேண்டும்.

அனுமதி

யூடியூபில் மாஸ்கோவின் மாஸ்ஃபிலிம் ஸ்டுடியோ தன் படங்களில் பலவற்றை ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாக வைத்திருக்கிறது. தேர்வு செய்ய, முன்கூட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்க அது பெரிய உதவி. ஆனால் வீட்டில் பார்க்கும் அனுமதி வேறு, நாற்பது பேரைக் கூட்டிக் காட்டும் அனுமதி வேறு. டிக்கெட் இல்லை, இலவசம்தான் என்பது இந்த வேறுபாட்டைப் போக்கிவிடாது.

இந்தியச் சட்டத்தில் சினிமாப் படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. நம் பட்டியலில் 1929, 1957 படங்கள் அதைத் தாண்டிவிட்டன. மற்றவை உரிமைக்குள் இருக்கின்றன. தாண்டியவற்றிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய மௌனப் படத்துக்குப் பின்னாளில் போட்ட இசை தனி உரிமை. படம் பழையது என்று டிவிடியை எடுத்துப் போட்டால், அதில் ஓடும் இசை புதியதாக இருக்கும்.

இதற்கு அப்பால் தணிக்கைச் சான்றிதழ் என்ற கேள்வியும் வரும். 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டம் பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் கேட்கிறது. திரைப்பட விழாக்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு பெற வழி உண்டு. பதிவு பெற்ற ஒரு திரைப்படச் சங்கத்தோடு கூட்டுச் சேர்ந்து செய்தால், எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்ற அலைச்சல் குறையும். சென்னைக்காரர்கள் ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலை ரஷ்யப் பண்பாட்டு மையத்துக்கும் ஒரு கடிதம் போடலாம். எல்லாவற்றையும் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ரஷ்யாவுக்குப் பணம் அனுப்ப நேர்ந்தால், இப்போதைய வங்கித் தடைகளில் அதுவே ஒரு தனி வேலை.

உரிமையாளரிடம் கோப்பு கேட்கும்போது, என்ன வடிவில் வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். திரையரங்குக்கான டிசிபி வட்டு வந்து இறங்கினால், பூட்டுப் போட்டதாக இருக்கும் பட்சத்தில் அதற்கான சர்வர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. 1080 அளவில் எச்.264 கோப்பு அல்லது புளூரே வட்டு போதும்.

பிரதியைச் சோதிப்பது

கோப்பு கைக்கு வந்ததும் ஓட்டிப் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள். முதலில் சட்டத்தின் (ஃபிரேம்) வடிவம். வெர்த்தோவ், கலத்தோசோவ், ஷெபித்கோ, தார்க்கோவ்ஸ்கி ஆகிய நான்கு பேரின் படங்களும் ஏறக்குறைய சதுரமான பழைய சட்டம். அகலம், உயரத்தைப் போல 1.33 அல்லது 1.37 மடங்குதான். பிரதி அகலத்திரையை முழுதாக நிரப்பினால், மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள் அல்லது பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். முகம் சப்பையாகத் தெரிந்தால் இழுத்தது. நெற்றியும் முகவாயும் காணாமல் போனால் வெட்டியது. இழுத்ததைப் புரொஜெக்டர் அமைப்பிலோ, கணினியில் படம் ஓட்டும் விஎல்சி செயலியின் ஏ விசையிலோ சரி செய்யலாம். வெட்டியதற்கு வேறு பிரதிதான் வழி. வெர்த்தோவ் படத்தில் இன்னொரு வகை வெட்டும் உண்டு. ஒலித்தடத்துக்கு இடம்விட்டு எடுத்த பழைய பிரதிகளில் சட்டத்தின் இடப்பக்கம் ஒரு கீற்று போய்விட்டிருக்கும். 2014இல் வந்த மீட்டெடுப்பில் முழுச் சட்டம் இருக்கிறது.

அடுத்தது கோப்பின் தரம். இதற்கு முள்ளெலிதான் உரைகல். நோர்ஷ்டெய்ன் அந்தப் பனிமூட்டத்தை மெல்லிய காகிதத்தைக் காட்சிக்கு மேல் வைத்து, சட்டம் சட்டமாகக் கேமராவை நோக்கி உயர்த்தி உண்டாக்கினார். அவ்வளவு மென்மையான சாம்பல் நிறப் படிகள் அதிகமாகச் சுருக்கிய கோப்பில் நிற்காது. மூட்டம் படிக்கட்டு போலவோ சின்னச் சின்னக் கட்டங்களாகவோ உடைந்து தெரியும். மடிக்கணினியில் தெரியாதது 2 மீட்டர் திரையில் பளிச்சென்று தெரியும். ஆகவே எந்தப் பிரதியையும் பெரிய திரையில், தொடக்கம், நடு, கடைசிப் பத்து நிமிடம் என்று மூன்று இடத்தில் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வேகம். பழைய ரஷ்ய டிவிடிகள் நொடிக்கு 25 சட்டம். படம் எடுத்ததோ 24. 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் ஓடி முடியும், குரல்கள் இம்மி கீச்சென்று ஏறும். மௌனப் படத்தில் வேகம் இன்னும் பிரதிக்குப் பிரதி மாறும். நேரடி இசை வைக்கப்போகிறீர்கள் என்றால், இசைக்கலைஞர் ஒத்திகை பார்க்கும் கோப்பும் அன்று ஓடும் கோப்பும் ஒன்றேதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் முன்பே அந்தக் கோப்பை அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அறை

சுவரிலேயே படம் போடலாம், திரை வாங்கத் தேவையில்லை. பளபளப்பு இல்லாத எமல்ஷன் அடித்த சுவர் என்றால் நல்ல திரைதான். ஆணித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து மேலே ஒரு கை வண்ணம் பூசிவிட வேண்டும். இல்லையென்றால் நாயகியின் கன்னத்தில் இரண்டு நாளும் ஒரு துளை இருக்கும்.

2.4 மீட்டர் அகலப் படம் என்று வைத்தால் உயரம் 1.35 மீட்டர். சதுரச் சட்டப் படங்கள் இதற்குள் 1.85 மீட்டர் அகலமே எடுக்கும். இரண்டு பக்கமும் 27 சென்டிமீட்டர் போல வெறுமை மிஞ்சும். புரொஜெக்டரின் 'கறுப்பு' என்பது உண்மையில் மங்கல் சாம்பல். அந்த இரண்டு பட்டைகளையும் கறுப்புத் துணியால் மூடினாலே படம் இன்னொரு படமாகிவிடும். துணியை ஒரு கம்பியில் நகர்த்தும்படி மாட்டினால் அகலப் படத்துக்கு விலக்கிக்கொள்ளலாம்.

புரொஜெக்டர் வைக்கும் தூரம் படத்தின் அகலத்தை லென்ஸின் எறிவு விகிதத்தால் பெருக்கினால் வரும். விகிதம் 1.5 என்றால் 3.6 மீட்டர். 9 மீட்டர் அறையில் அது நடு வரிசைக்கு மேல் வந்து நிற்கும். மேசையில் வைத்தால் தலைகள் மறைக்கும். உத்தரத்திலோ உயரமான ஸ்டாண்டிலோ ஏற்ற வேண்டும். சாய்த்து வைத்துவிட்டு கீஸ்டோன் பொத்தானால் நேராக்குவது கடைசி வழியாக இருக்கட்டும், அது படத்தின் கூர்மையைத் தின்றுவிடும்.

ஒளி அளவைப் பற்றிக் கடைக்காரர் பயமுறுத்துவார். 3.24 சதுர மீட்டர் படத்துக்கு, நன்றாக இருட்டிய அறையில், திரையரங்குக்கு இணையான வெளிச்சம் தர 500 முதல் 600 லூமென் போதும். பெட்டியில் 3000 என்று எழுதிய கருவி சினிமா முறையில் அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் தரும்; அப்போதும் நமக்கு மிச்சம்தான். 'விவிட்', 'டைனமிக்' முறைகளை அணைத்துவிட வேண்டும். 'ஸ்டால்கர்' படத்தின் பழுப்புக் காட்சிகளை அவை ஆரஞ்சு மிட்டாய் நிறத்துக்குக் கொண்டுபோய்விடும்.

கறுப்புத் துணி, திரைக்குப் பக்கத்துச் சுவர்களில் முதல் இரண்டு மீட்டருக்கும் திரைக்கு மேல் கூரையில் ஒரு மீட்டருக்கும். பருத்தித் துணி எடுங்கள், பாலியஸ்டர் மினுக்கும். ஜன்னலுக்குக் கறுப்பு சார்ட் காகிதம் ஒட்டி அதன்மேல் துணி. கண்ணாடிச் சட்டமிட்ட ஓவியங்கள் பக்கச் சுவரில் இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டித் திரை ஓடும். ஓவியரிடம் சொல்லிவிட்டு மூடிவிட வேண்டும். வெளியேறும் வழியின் விளக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது.

படத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். சமதளத்தில் நாற்காலி போடும்போது முன் தலை மறைப்பது எப்போதும் சப்டைட்டிலைத்தான். வரிசைக்கு வரிசை 90 சென்டிமீட்டர் விட்டு, நாற்காலிகளை ஒன்று விட்டு ஒன்றாக நகர்த்திப் போட வேண்டும். முன்னால் ஜமுக்காளம். அதில் இரண்டு வேலை நடக்கும்: பிள்ளைகள் உட்காரலாம், எதிரொலியும் குறையும். வெறும் சுவரும் ஓட்டுத் தரையுமான அறையில் கையைத் தட்டிப் பாருங்கள், சத்தம் உலோகம் போலச் சிலிர்க்கும். இரண்டு பவானி ஜமுக்காளமும் சுவர்த் துணியும் அதை நன்றாகவே அடக்கும்.

சப்டைட்டில்

அதிக நேரம் பிடிப்பது இதுதான். ஆங்கில சப்டைட்டிலே போதும் என்று விட்டால் வரும் கூட்டம் ஒன்று, தமிழில் இருந்தால் வரும் கூட்டம் வேறு. பேட்டைக் கேலரிக்கு இரண்டாவது கூட்டம்தான் வேண்டும்.

மொழிபெயர்ப்பவருக்கு ஒரு சேதி. ரஷ்ய மொழியில் நமக்கு இருப்பது போலவே நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. ஆங்கிலம் வழியாக வரும்போது அது தொலைந்துவிடுகிறது. யார் யாரை எப்போது 'நீ' என்று அழைக்கத் தொடங்கினார் என்பதில்தான் பல காட்சிகளின் உறவே இருக்கிறது. ஆங்கிலக் கோப்பிலிருந்து மொழிபெயர்த்தாலும், ரஷ்யன் கொஞ்சம் தெரிந்தவரை ஒருமுறை பக்கத்தில் உட்கார வைத்து, 'தி', 'வி' என்று காதில் விழும் இடங்களைக் குறித்துக்கொண்டால் தமிழில் அதை அப்படியே மீட்டுவிடலாம். ஆங்கிலச் சப்டைட்டிலைவிடத் தமிழ்ச் சப்டைட்டில் மூலத்துக்கு நெருக்கமாகும் இடம் இது.

பெயர்களிலும் அப்படித்தான். 'ஃப்யோதர் இவானவிச்' என்று தந்தை பெயரோடு அழைப்பது மரியாதை. அதை அப்படியே விட்டாலே போதும், பக்கத்தில் 'ஐயா' ஒட்ட வேண்டாம். 'கொக்குகள்' படத்தில் போரிஸ், வெரோனிகாவை 'பேல்கா' என்கிறான். அது அணில். தமிழில் 'அணிலே' என்று கூப்பிட்டால் அறையில் ஒரு சிரிப்புக் கேட்கும், அந்தச் சிரிப்புதான் பின்னால் கனக்கும்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஒரு வாக்கியத்தை இரண்டு சப்டைட்டிலாக உடைத்தால், முதல் துண்டில் பொருளே நிற்காது. இரண்டாவது வருவதற்குள் நடிகரின் முகம் மாறிவிடும். ஆகவே நீண்ட வசனத்தைத் துண்டாக்காமல், இரண்டு மூன்று சிறிய முழு வாக்கியங்களாக மாற்றி எழுத வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு வரி, வரிக்கு ஐந்தாறு சொல், திரையில் குறைந்தது ஒன்றரை நொடி. 'போய்விட்டாயா' என்று எழுதலாம், 'சென்றுவிட்டனையோ' வேண்டாம். வட்டார வழக்கும் வேண்டாம். பெலாரஸ் போராளி மதுரைத் தமிழ் பேசினால் யாருக்கும் அழுகை வராது.

தொழில்நுட்பப் பக்கம். சப்டைட்டில் வரிகள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் திரை முழுக்கக் கேள்விக்குறிதான். விஎல்சி அமைப்பில் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா என்று மாற்றுங்கள். பழைய பதிப்புகளில் 'கொ' என்பதன் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். அன்று எந்தக் கணினியில் ஓடுமோ அதிலேயே பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சப்டைட்டிலைப் படத்தோடேயே பதித்து ஒரு கோப்பாக்கிவிடுவது நிம்மதி.

வெள்ளை எழுத்து 'ஏற்றம்' படத்தின் பனியில் கரைந்துவிடும். வெளிர் மஞ்சளுக்குத் தடித்த கறுப்பு விளிம்பு கொடுங்கள், அதுவும் போதாவிட்டால் பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பட்டை.

பேச்சும் எழுத்தும் பிசகினால் முதலில் எந்த வகைப் பிசகு என்று பார்க்க வேண்டும். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு பிந்தினால் விஎல்சியில் ஜி, எச் விசைகள் போதும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லி நொடி நகரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், அது அந்த 24, 25 சட்டச் சிக்கல். ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 நொடி விலகும்; விசையை அழுத்தி ஓட்ட முடியாது. சப்டைட்டில் எடிட் போன்ற செயலியில் சட்ட வேகத்தை மாற்றிச் சேமித்தால் ஒரே நொடியில் தீரும்.

ஓடும்போது

மடிக்கணினியில் புதுப்பித்தல், அறிவிப்பு, உறக்கநிலை, ஸ்கிரீன்சேவர் நான்கையும் அணையுங்கள். படம் வட்டிலிருந்தே ஓட வேண்டும், இணையத்திலிருந்து அல்ல. ஒரு மாற்றுப் பிரதி பென் டிரைவில்; அது ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ வெளியீட்டை 60 ஹெர்ட்ஸில் விட்டால், 'கொக்குகள்' படத்தில் ஒளிப்பதிவாளர் உருசேவ்ஸ்கியின் கேமரா கூட்டத்தை ஊடுருவி ஓடும் இடங்களில் படம் திக்கும். புரொஜெக்டர் ஏற்றுக்கொண்டால் 24க்கு மாற்றினால் வழுக்கிக்கொண்டு போகும்.

மின்வெட்டில் புரொஜெக்டரின் விசிறியும் நின்றுவிடும், சூடான விளக்கின் ஆயுள் குறையும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று சில நிமிடம் தாக்குப்பிடிக்கும். முறையாக அணைக்க அது போதும்.

ஒலிபெருக்கி இரண்டு, காது உயரத்தில். இவை பெரும்பாலும் மோனோ ஒலிப் படங்கள், பாஸைக் கூட்டினால் குழறும். 'ஸ்டால்கர்' சில டிவிடிகளில் புதிதாகக் கலந்த பல தட ஒலியோடு வருகிறது, மூலத்தில் இல்லாத ஓசைகள் அதில் உண்டு. ஒலித்தடப் பட்டியலில் மோனோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் படத்தில் நீர் சொட்டுவதும் தண்டவாளத் தள்ளுவண்டியின் தாளமும்தான் இசை. அதற்காகவே மின்விசிறியைக் குறைத்து, மாலையிலேயே அறையைக் குளிர்வித்து வைக்க வேண்டியிருக்கும்.

அறிமுகப் பேச்சு ஐந்து நிமிடம். கதை சொல்லக் கூடாது. திரையில் பழுது என்று தோன்றக்கூடியவற்றைச் சொல்ல வேண்டும். 'ஸ்டால்கர்' பழுப்பாகத் தொடங்குவது புரொஜெக்டரின் கோளாறு அல்ல, வண்ணம் பிறகு வரும் என்று சொல்லாவிட்டால், பத்தாவது நிமிடத்தில் ஒரு நல்ல மனிதர் எழுந்து வந்து கேபிளை அசைத்துப் பார்ப்பார். அந்தப் படம் இரண்டு பாகம். முதல் பாகம் முடியும் இடத்தில்தான் இடைவேளை, வேறெங்கும் நிறுத்தக் கூடாது.

இடைவேளைக் கணக்கைக் கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். ஒரே கழிப்பறை, 20 பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் அரை மணி நேரம். 'ஸ்டால்கர்' இடைவேளை கால் மணி என்பதால் அதற்கு முன்பே எல்லாரையும் போய்வரச் சொல்லிவிட வேண்டும். தேநீர், சுண்டல் நல்லது. சரசரக்கும் பொட்டலம் எதுவும் அறைக்குள் வேண்டாம்.

ஞாயிறு இரவு, விளக்கு ஆறும்வரை புரொஜெக்டரைத் தொடாமல், அதற்குள் நாற்காலியை அடுக்கிவிடலாம். சுவரில் ஒட்டியது மாஸ்கிங் டேப்பாக இருந்தால், சுவரை ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக உரித்தால் வண்ணம் வராது. பழுப்பு பார்சல் டேப் ஒட்டியிருந்தால் பட்டியோடு பெயர்ந்து வரும். திங்கள் காலை ஓவியம் மாட்ட வருபவர் வருமுன் ஒரு லிட்டர் எமல்ஷனும் ஒரு தூரிகையும் தயாராக இருக்கட்டும்.